மூன்றாவது வேண்டா

திருவள்ளூர்
20-1-1974

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பி சுப்பராயன் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதவும். ரோலிங் மில்லில் மாமா கையில் பட்ட சூட்டுக்காயம் ஆறிவிட்டதா?

செண்பகத்துக்குப் போன வாரம் பிரசவம் ஆயிற்று. இதுவும் பெண்தான். முதலில் இரண்டு, இப்போது மூன்றாவது. நர்ஸம்மா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கோர்ட்டில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் தருவதாகச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

ஆனாலும் மனசு விடவில்லை அக்கா. மருந்து நம் வீட்டிலேயே இருக்கும்போது நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? அத்தைக்கு வேண்டா என்று பேர் வைத்தார்கள், அடுத்து நைனா பிறந்தார். உனக்கும் அதையே வைத்தார்கள், அடுத்து நான் பிறந்தேன். பெண் போதும், இனிமேல் வேண்டாம் என்று சாமி காதில் விழுகிற மாதிரி பேர் வைத்தால் அடுத்தது பையன்தான். இரண்டு தலைமுறையாகப் பொய்க்காத பேர். இந்தக் குழந்தைக்கும் அதையே வைக்கப் போகிறேன்.

மாசி பிறந்ததும் பேர் வைக்கிற விசேஷம். நீதான் குழந்தையை முறத்தில் போட்டுத் தூக்க வேண்டும். அந்தப் பேர்க்காரியே தூக்கினால் ரொம்பப் பலம் என்கிறார்கள். உனக்கு இது பெரிய மரியாதை. புடவையும் எடுத்து வைத்திருக்கிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வரவும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி சுப்பராயன்


கும்மிடிப்பூண்டி
27-1-1974

தம்பி சுப்பராயனுக்கு அக்கா எழுதிக்கொண்டது. நானும் உன் மாமாவும் நலம். செண்பகத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுது. மாமாவின் காயம் ஆறிவிட்டது, தழும்புதான் பாக்கி.

நேற்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் உன் கடிதத்தைப் படித்தேன். அழுகின முட்டையை உடைத்து முகத்துக்கு நேரே நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மரியாதை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அந்த மரியாதை எப்படி இருந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன், கேள்.

அத்தை பிறந்தபோது அவளைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. நைனா பிறந்ததும் எல்லோரும் வந்தார்கள். அன்றிலிருந்து அத்தையின் இடுப்புதான் நைனாவுக்குத் தொட்டில். அவளே சின்னக் குழந்தை. நைனாவைச் சுமந்து சுமந்து அவள் இடுப்பு ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. சாகிற வரைக்கும் சாய்ந்துதான் நடந்தாள், நீயே பார்த்திருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பேரைப் போட்டால் அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். இன்னாருடைய மகள் என்று மட்டும் அச்சடித்தார்கள். புருஷன் கடைசி வரை "இந்தா" என்றுதான் கூப்பிட்டான். இதையெல்லாம் கண்ணால் பார்த்த நைனாதான் பெற்ற பெண்ணுக்குத் திரும்பவும் அதே பேரை வைத்தார். அத்தையும் அன்றைக்கு அங்கே இருந்தாளாம். எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாளாம். அம்மா சொன்னாள்.

என் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெருவில் பிள்ளைகள் "ஏ வோணா" என்று கூப்பிட்டு ஓடுவார்கள், நீயும் அவர்களோடு ஓடியவன்தானே. இங்கே போல்ட் கம்பெனியில் சேர்ந்த அன்று கேட்டில் பேர் கேட்டவன், "இன்னாமே, வேலை வோணாவா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவனையும் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைத்துச் சிரித்தான். உன் மாமா இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என் பேரைச் சொன்னதில்லை. சொல்ல அவருக்கு வாய் கூசுகிறது. அவர் நல்ல மனுஷன்.

உன் வேலை என்னடா? டவாலி போட்டுக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நின்று ஊரார் பேரையெல்லாம் மூன்று முறை கூவிக் கூப்பிடுகிறாய். ஆடு திருடினவன், வரப்பை வெட்டினவன் பேரைக்கூட முழுசாக, ஒரு எழுத்து விடாமல் கூப்பிடுகிறாய். பெற்ற பெண்ணைக் கூப்பிட உனக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை.

முறத்தில் தூக்க நான் வரமாட்டேன். புடவையைச் செண்பகத்துக்குக் கொடு. குழந்தைக்கு வேறு பேர் வை.

நலம் விரும்பும்
அக்கா


திருவள்ளூர்
17-2-1974

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் சுப்பராயன் வணக்கம். நலம், நலம் அறிய ஆவல். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. கோர்ட்டில் மாசம் முழுக்க ஒரே வாய்தா.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். நீ சின்ன வயசிலேயே இப்படித்தான், மூக்கு நுனியில் கோபம். அத்தைக்கு இடுப்பு கோணியது பேராலா? என்னை நீ சுமந்தாய், உன் இடுப்பு நேராகத்தானே இருக்கிறது? நான் மட்டும் பிறக்காமல் போயிருந்தால் உனக்கு இப்படிக் கடிதம் எழுதி வைய ஒரு தம்பி கிடைத்திருப்பானா? அந்த நன்றிகூட உன் பேர் மேல் உனக்கு இல்லை.

புது எருமை வாங்கியிருக்கிறேன். நல்ல கறவை. பாதிப் பாலை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு ஊற்றுகிறேன். போன வாரம் அதற்கு வயிறு உப்பிவிட்டது. வெட்னரி டாக்டர் வந்து ஊசி போட்டார், இப்போது பரவாயில்லை.

பேர் வைக்கிற விசேஷத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை. குடித்த பால் தங்குவதில்லை, நெஞ்சுக்கூடு தெரிகிறது. மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். எனக்கு ஒரே பேஜாராக இருக்கிறது. பேர் வைக்கிறதற்குள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். பேர்க்காரி நிலைத்தால்தான் பேர் பலிக்கும் என்கிறார்கள்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

தம்பி சுப்பராயன்


கும்மிடிப்பூண்டி
23-2-1974

சுப்பராயனுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். குழந்தை நலமில்லை என்று படித்தபின் நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியாகிவிட்டது.

எருமைக்கு வெட்னரி டாக்டர், குழந்தைக்கு மந்திரித்த கயிறு. உன் கடிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கின்றன. எழுதிவிட்டு நீ ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் நீயே கிழித்துப் போட்டிருப்பாய். குழந்தை பிழைக்க வேண்டும் என்று நீ கவலைப்படுகிறாய். எதற்காகக் கவலைப்படுகிறாய் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்துக் காட்டியபோது உன் மாமா வெளியே போய் வெகு நேரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பீடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

பொய்க்காத பேர் என்கிறாய். நம் தெருவிலேயே கோபால் வீட்டு வேண்டாவுக்குப் பின் மூன்று பெண்கள் பிறந்தார்கள். ஏரிக்கரை வேண்டாவுக்குப் பின் அவள் அம்மாவுக்குப் பிள்ளையே உண்டாகவில்லை. அதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பையன் பிறந்த வீட்டை மட்டும் விரல் நீட்டிக் காட்டுவீர்கள்.

சரி, உனக்கு வழக்கம்தானே வேண்டும்? இன்னொரு வழக்கத்தைச் சொல்கிறேன். குழந்தை நிலைக்காத வீட்டில் தவிட்டுக்கு விற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் தெருக் கங்கம்மாள் தன் மகனைத் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். விற்ற நாளிலிருந்து அவன் வாங்கினவர்கள் பிள்ளை. வாங்கினவர்கள் வைத்ததுதான் பேர். தவிட்டை மஞ்சள் துணியில் முடிந்து வீட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பையன் தேறி வளர்ந்தபின் அதே தவிட்டைக் கொடுத்துத்தான் திரும்ப வாங்கினாள். வண்டு வைத்துப் புழுத்துப் போயிருந்தது. நல்ல தவிடு கொண்டு வருகிறேன் என்றாள், பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே தவிடுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தெருவே நின்று பார்த்தது, நீயும் நானும் பார்த்தோம்.

அந்த மாதிரி குழந்தையை எனக்கு விற்றுவிடு. நான் தவிடு கொண்டு வருகிறேன். இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன். பேர் மட்டும் நான் வைப்பேன். செண்பகத்தைக் கேட்டுவிட்டு எழுது. அவளைக் கேட்காமல் எழுதாதே.

அக்கா


திருவள்ளூர்
20-3-1974

அன்புள்ள அக்காவுக்கு. இங்கே நாங்கள் நலம், குழந்தை அப்படியேதான் இருக்கிறது.

நீ சொன்ன யோசனையைப் பெரியவர்களிடம் கேட்டேன். நல்ல யோசனை என்கிறார்கள். குழந்தை தேறட்டும், அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சடையப்பன் மாமாவும் சொன்னார். பேர் நீயே வை, எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. பார்த்தாயா, உன் தம்பி அவ்வளவு மோசமானவன் இல்லை.

செண்பகத்திடமும் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதானே அர்த்தம்.

வரும் வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. காலையில் பச்சையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுவோம். நீயும் மாமாவும் மதியத்துக்குள் வந்துவிடுங்கள்.

தம்பி சுப்பராயன்


திருவள்ளூர்
14-4-1974

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வருஷப் பிறப்பு வாழ்த்துகள். இங்கே அனைவரும் சுகம். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்?

அன்றைக்கு நீ தெருவே பார்க்க முறத்தில் தவிட்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். திரும்பிப் பார்க்காமல் போனாயாம். சென்ட்ரலில் வண்டி மாறும்போது கூட்டமாக இருந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. தவிட்டை முடிந்து கட்ட மஞ்சள் துணி வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் செண்பகம் மறதியாக அத்தனையையும் எருமைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். எருமை ஒரே மூச்சில் தின்று தீர்த்துவிட்டது. மறு நாள் பால் அரைப்படி கூடக் கொடுத்தது. மகளை விற்ற வரும்படி என்று சடையப்பன் மாமா கேலி செய்கிறார். பரவாயில்லை, ஊரில் தவிட்டுக்கா பஞ்சம்?

செண்பகம் அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, சரியாகிவிடும்.

தம்பி சுப்பராயன்


கும்மிடிப்பூண்டி
9-6-1974

தம்பி சுப்பராயனுக்கும் செண்பகத்துக்கும் அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று பேர் என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

குழந்தைக்குப் பால் தங்குகிறது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. டாக்டர் கொடுத்தது பச்சை நிறத்தில் ஒரு டானிக், அதைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். நான் கம்பெனிக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு ஞானம்மா பார்த்துக்கொள்கிறாள். அவளும் எங்கள் கம்பெனிதான், வேறு ஷிப்டு. மத்தியானம் நான் உள்ளே நுழையும்போது என் கையில் எண்ணெய் நாற்றம் அடிக்கும். கழுவிவிட்டு வருவதற்குள் கத்தித் தீர்த்துவிடுகிறாள்.

பேர் வைத்துவிட்டோம். என்ன பேர் வைப்பது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் மாமாதான், "தெருவுல நின்னு கூப்ட்டுப் பாக்கணும்மே. கூப்பிடறவனுக்கும் சந்தோசமா இருக்கணும், திரும்பறவளுக்கும் சந்தோசமா இருக்கணும்" என்றார். சொன்னபடி வாசலில் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு பேராகக் கூவ ஆரம்பித்துவிட்டார். மில் வேலையில் உரக்கப் பேசிப் பழகின குரல். கனகாம்பாள் என்று கூவினதும் எதிர் வீட்டிலிருந்து ஒருத்தி "இன்னாங்க?" என்று வெளியே வந்துவிட்டாள். அப்புறம் தேன்மொழி என்று கூவினார். யாரும் வரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அதுவே இருக்கட்டும் என்றேன்.

செண்பகம், உனக்கு எழுதத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுது. வந்து பார்க்க வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் வா.

தவிட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

அக்கா


திருவள்ளூர்
30-11-1975

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் சுப்பராயன் கோடி வணக்கம். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது உனக்கு எழுதி. கோபிக்காதே. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று மாமாவோடு மில்லில் வேலை செய்யும் தானியேல் சொன்னான்.

அக்கா, பையன் பிறந்துவிட்டான். நல்ல நிறம், நல்ல எடை. கோர்ட்டில் கிளார்க்கு முதல் கேண்டீன்காரன் வரை எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். நைனா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

இப்போது ஒரு விஷயம் சொல்லலாம். நீ வேறு பேர் வைத்துவிட்டதால் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய். உன் தம்பி அவ்வளவு முட்டாளா? அந்த வெள்ளிக்கிழமை காலையில் நீ வருவதற்கு முன் பச்சையம்மன் சன்னதியில் வைத்து அவள் காதில் வேண்டா, வேண்டா, வேண்டா என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். முதலில் விழுந்த பேர்தான் பேர். அப்புறம் நீ வைத்தது கூப்பிடுகிற பேர், அவ்வளவுதான். பார், பலித்துவிட்டது. மூன்றாம் தலைமுறையிலும் பொய்க்கவில்லை.

இனிமேல் குழந்தையை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. பையனுக்கு மொட்டை அடிக்கிற வரைக்கும் அந்தப் பேர்க்காரி வீட்டிலேயே இருக்க வேண்டுமாம். அவன் மேல் விழுகிற கண்ணெல்லாம் அவள் மேல் விழுந்துவிடும் என்று சொல்கிறார்கள். போகப் போக அவனைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். மூத்த பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். தவிடு நான் தயாராக வைத்திருக்கிறேன், நல்ல புதுத் தவிடு.

உடனே பதில் போடவும்.

தம்பி சுப்பராயன்


திருவள்ளூர்
28-12-1975

அக்காவுக்கு சுப்பராயன். நலம். ஒரு மாசமாகியும் நீ பதில் போடவில்லை. உனக்குப் பிள்ளை இல்லாத ஏக்கம் எனக்குப் புரிகிறது, அதற்காக ஊரான் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா? கோர்ட்டிலேயே இருக்கிறவன் நான். சட்டப்படி பிள்ளை யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தவிட்டோடு வருகிறேன். குழந்தையின் துணிமணிகளை எடுத்து வைக்கவும்.

சுப்பராயன்


கும்மிடிப்பூண்டி
4-1-1976

சுப்பராயனுக்கு. நானும் உன் மாமாவும் தேன்மொழியும் நலம். செண்பகமும் அங்கே இருக்கிற மூன்று பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

உன் முந்தின கடிதத்தை நான் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், மறுபடி படித்தேன். சன்னதி என்று ஒரு இடத்தில் வருகிறது. மைசூர்பாகு என்று ஒரு இடத்தில் வருகிறது. அப்புறம் கண்ணேறு எல்லாம் அவள் மேல் விழட்டும் என்று வருகிறது. போல்ட்டு கழுவுகிற எண்ணெயில் கையை விட்டுவிட்டு அதே கையால் சாப்பிட்ட மாதிரி இருந்தது. தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டேன். உன்னை இடுப்பில் சுமந்தவள் நான். அந்த இடுப்பை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பொத்திப் பொத்தி எதுவும் எழுதப் போவதில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. ஏக்கம் உண்டா என்றால் உண்டு. தவிட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே திரும்பக் கொடுக்கக்கூடாது என்று மனசுக்குள் இருந்தது. நீ சொல்லிக் காட்டித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் ஊரான் பிள்ளை என்று எழுதியிருக்கிறாய் பார், உன் பேனாவே உண்மையை எழுதிவிட்டது. உனக்கு அவள் எப்போதும் ஊரான் பிள்ளைதான்.

சட்டம் பேசுகிறாய், கோர்ட்டுக்குப் போவேன் என்று அர்த்தம். போ. வராந்தாவில் நின்று நீயேதான் கூப்பிட வேண்டியிருக்கும். வேண்டா, வேண்டா, வேண்டா என்று மூன்று முறை கூப்பிடு. வக்கீல்களும் வந்திருக்கிறவர்களும் உன் வாயைப் பார்க்கட்டும். நான் வந்து நிற்கிறேன். இத்தனை வருஷம் அந்தப் பேருக்குத் தலை குனிந்தேன், அன்றைக்குக் குனியமாட்டேன். அவள் வரமாட்டாள். அவள் பேர் அது இல்லை.

வழக்கம் வழக்கம் என்று கட்டிக்கொண்டு அழுகிறவன் நீ, நான் இல்லை. அதனால் உன் வழக்கப்படியே பேசுகிறேன். தெருவே பார்க்க ஒரு முறம் தவிட்டுக்கு அவளை விற்றாய். திரும்ப வாங்க வேண்டும் என்றால் அதே தவிட்டைக் கொடுக்க வேண்டும். புதுத் தவிடு செல்லாது. கங்கம்மாளுக்குச் செல்லாதது உனக்கு மட்டும் எப்படிச் செல்லும்? சடையப்பன் மாமாவையே கேள். அவர்தான் அன்றைக்கும் சாட்சி, அவர்தான் எருமையைப் பார்த்துக் கேலி செய்தவர்.

நான் கொடுத்த தவிட்டைக் கொண்டு வா. ஒரு கை குறையக்கூடாது. கொண்டு வந்தால் அவளை அனுப்புகிறேன். எருமை தின்றுவிட்டது என்றால் எருமையிடம் கேட்டு வாங்கிக்கொள்.

இத்தனை நாளும் உனக்கு எழுதின கடிதங்களில் அக்கா என்று மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன். பேரை எழுதக் கூச்சமாக இருந்தது. இன்றைக்கு எழுதுகிறேன். இந்தப் பேர் என்னோடு முடிகிறது.

வேண்டா


திருவள்ளூர்
20-1-1976

அண்ணி அவர்களுக்கும் அண்ணன் அவர்களுக்கும் செண்பகம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலமும் குழந்தை நலமும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும். உங்களுக்கு இதுவரை எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவர் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சடையப்பன் மாமாவிடம் போனார். மாமா, "அதே தவுடு இல்லாம எந்த மூஞ்சியை வெச்சுக்கினு கேக்கப் போறே? ஊர் சிரிக்கும்டா" என்று சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டி அன்னிக்கே கொட்டின? ஒரு நாள் பொறுக்க மாட்டியா?" என்று கத்தினார். மறந்துபோய்க் கொட்டிவிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னேன்.

மறக்கவில்லை அண்ணி. எங்கள் ஊரிலும் தவிட்டுக்கு விற்பார்கள். அதே தவிடுதான் வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

கோயிலில் அவர் குழந்தையின் காதில் அந்தப் பேரைச் சொன்னபோது குழந்தை என் கையில்தான் இருந்தது. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தோம், நீங்கள் வந்தீர்கள், தூக்கிக்கொண்டு போனீர்கள். அவர் மஞ்சள் துணி வாங்கக் கிளம்பினார். அவர் சைக்கிள் தெரு திரும்பினதும் முறத்தோடு போய் எருமைத் தொட்டியில் கொட்டினேன். தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்கிவிட்டேன். அது தின்று முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன். தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்து அதன் வாய்க்குக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி மார்பு கட்டிக்கொண்டு உயிர் போனது. பாலைப் பீச்சிச் சுவரில் விட்டேன்.

பையன் பிறந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பேரின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பத்து மாசம் சுமந்தவள் நான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேர் என்று அவள் காதில் முதலில் விழுந்தது எது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. நான் யார் என்று கேட்டால் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். ஒரு நாள் வந்து பார்க்கிறேன். இப்போது வந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன், அதனால் வரவில்லை.

நீங்கள் எழுதியிருந்த பேரைப் பெரியவளின் சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்று வீட்டில் யாரும் இல்லாதபோது தொழுவத்தில் நின்றுகொண்டு, அவர் கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி, மூன்று முறை உரக்கக் கூப்பிட்டேன். தேன்மொழி. எருமைதான் தலையைத் தூக்கிப் பார்த்தது.

இப்படிக்கு
தங்கள் அன்புள்ள
செண்பகம்